நான்கு டிகிரி

நம்பாதவர்கள் பாகூருக்கு வந்து மணவாளனின் வலது கையைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் என்னைப் புளுகன் என்று சொல்லலாம்.

மணவாளன் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவன். பேட்டரியே இல்லாமல் சிக்னல் அனுப்பும் கைப்பட்டை ஒன்றைச் செய்தான். உடம்புச் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதற்குத் தீனி. வித்தியாசம் இருந்தால், கை எத்தனை டிகிரி என்று முப்பது அடிக்குள் இருக்கும் கணினிக்குச் சொல்லும். இரண்டும் சமமானால் ஊமையாகிவிடும். அதை முதலில் கட்டிக்கொண்டவள் அவன் மனைவி மகாலட்சுமி.

அவளுக்குக் குளிர் ஆகாது. சித்திரையிலும் வெந்நீரில்தான் குளிப்பாள். "கை சில்லுன்னு இருக்குது மாமா, புடிச்சிக்கோ" என்று சும்மா சும்மா கையை நீட்டுவாள்.

காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. அவள் அண்ணன் பிரான்சிலிருந்து வந்து சேர இரண்டு நாள். அதுவரை நான்கு டிகிரி ஐஸ் பெட்டி. குளிர் தாங்காதவளை ஐஸில் வைத்துவிட்டோமே என்று மணவாளன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பட்டையும் அவளோடு எரிந்துபோனது என்றுதான் நினைத்திருந்தான்.

காரியம் முடிந்த மறுநாள். அக்னி நட்சத்திர மத்தியானம். கரண்ட் இல்லை. அறைக்குள் முப்பத்தாறு டிகிரி. மேசைமேல் மடிக்கணினி மட்டும் விழித்திருந்தது.

பீப்.

அந்த வெக்கையில், உயிருள்ள கையில் கட்டினாலே பட்டை வாய் திறக்காது.

திரையில் ஓர் எண். 4.

பீப்... 4.

பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பு வெளிப்புறம் வியர்த்தது.

"மகா?"

வலது கையை நீட்டினான். உள்ளங்கையில் ஏதோ வந்து படிந்தது...

விரல்கள்.

குளிர் முழங்கை வரை ஏறியது. ஆனால் விடவில்லை.

11... 19... 27...

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முப்பத்தாறு வந்தால் சிக்னல் நின்றுவிடும். கையை இழுத்துக்கொண்டால் அவள் இருப்பாள். ஆனால் குளிரிலேயே இருப்பாள்.

இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

34...

35...

அவ்வளவுதான்.

ராத்திரி சோறு பிசையும்போதுதான் கவனித்தான். வலது கை மட்டும் சூடேறவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, மகாவின் தங்கை ஜெயா அரியாங்குப்பத்திலிருந்து வந்தாள். பையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்து நீட்டினாள்.

"பொட்டியில வெக்கும்போதே நான்தான் கழட்டுனேன் மாமா. அக்கா ஞாபகமா எங்க வூட்டு பீரோவுல வெச்சிருந்தேன்."

அரியாங்குப்பம் எங்கே, முப்பது அடி எங்கே.

"வெளிய எடுக்கவே இல்லியா?"

"இல்ல மாமா. முந்தாநாள் மத்தியானம் பீரோவுலர்ந்து தண்ணி சொட்டுச்சி. தொறந்தா... பொடவை பூரா ஐஸு."

மணவாளன் பட்டையை வாங்கி வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். வெளியே அதே வெயில்.

பீப்.

ஜெயா திரையைப் பார்த்தாள். 4.

"இனிமே அவளுக்குக் குளுராது ஜெயா" என்றான்.