அண்ணியின் கத்தரிக்கோல்

என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அம்மாவின் கூடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அம்மா, அண்ணி, நான், மூன்று பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. நோயாளிக்குச் சலைன் ஏற்றி முடிந்ததும் தூக்கிப் போடும் டியூப்களை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவிக் காயவைத்து, கூடை பின்னுவாள். அழகான கூடை, பொய் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டுக் காய்கறி அதில்தான் வரும். பாதி நர்ஸம்மாக்களின் சாப்பாடும் அதில்தான் வரும். துணி காயப்போடும் கொடிகூட அந்த டியூப்தான்.

அண்ணிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அம்மாதான். அண்ணி அதிகம் பேசமாட்டாள். எடுத்த வேலையை முடிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அதைப் பார்த்துத்தான் மருத்துவக் கழிவைக் கையாளும் முறையைப் படித்துவர அவளை அனுப்பி, திரும்பி வந்ததும் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னது நிர்வாகம். மாமியாருக்கு மருமகள் வாத்தியார். வீடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி தொடங்கிய வாரமே சிரிப்புக்காரிக்கு ஊசி குத்தியது. எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். எங்கள் வார்டில்தான் வேலை. கழிவு போடும் சிவப்புப் பைக்குள் கையை விட்டிருக்கிறாள். யாரோ ஊசியைக் கழற்றாமல் டியூபோடு போட்டிருந்தார்கள். உடனே மருந்து தொடங்கி, ரத்தம் எடுத்தார்கள். நோய் ஒட்டியதா இல்லையா என்று உறுதியாகத் தெரிய மாதக்கணக்கில் ஆகுமாம். அன்றுதான் அவளைச் சிரிக்காமல் பார்த்தேன்.

மறுநாள் அண்ணி கத்தரிக்கோலோடு வகுப்புக்கு வந்தாள்.

"ஊசி வெள்ளை டப்பாவுல. டியூப நறுக்கிட்டு சிவப்புப் பையில. பைக்குள்ள யார் கையும் போகக் கூடாது. நறுக்கின டியூப யாரும் தேட மாட்டாங்க."

எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு அம்மாவைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கிற டியூப வெட்ட எனக்கு மனசு வராது. இத்தனை வருஷமா கைய விட்டுத்தான் எடுக்கறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்றாள் அம்மா.

அம்மா பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். வார்டில் எல்லாரும் அவளிடம் வேலை பழகியவர்கள். அவள் வெட்டாதவரை வேறு யாரும் வெட்டப்போவதில்லை. அண்ணி தினமும் அதையே சொன்னாள், அதே குரலில். அம்மா தினமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டிலோ இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"உப்புப் போதுமான்னு உங்கம்மாவக் கேளு."

"வாத்தியாரம்மா போட்டா சரியாத்தான் இருக்கும்னு சொல்லு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான்.

என் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சிரிப்புக்காரி பைக்குள் கை விட்டதே, அண்ணியின் மகளுக்கென்று அம்மா பின்னிக்கொண்டிருந்த கூடைக்கு டியூப் எடுத்துத்தரத்தான். அதை அவள் என்னிடமும் அண்ணியிடமும் மட்டும் சொல்லியிருந்தாள்.

"அம்மாகிட்ட போட்டு உடைச்சிடுங்க அண்ணி. அப்பவாவது புத்தி வரட்டும்," என்றேன்.

"வேண்டாம்," என்றாள். அவ்வளவுதான். மறுநாளும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சிரிப்புக்காரி வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு காலை, வார்டில் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணி அந்தக் கோடியில் புதிதாக வந்தவளுக்குக் கிளவுஸ் போடக் காட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புப் பைக்குள் நீளமான டியூப் ஒன்று தெரிந்தது. சிரிப்புக்காரியின் கை தானாக உள்ளே போனது. தொட்டில் பழக்கம் சும்மா விடுமா? பக்கத்திலிருந்த அம்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அடியே, பட்டது போதாதா?"

அவள் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டாள். "பேத்தி கூடைக்கு இன்னும் ரெண்டு முழம் வேணும்னீங்களேக்கா. அன்னைக்குத்தான் எடுக்க முடியல."

அம்மா பிடித்த கையை விடவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணி நடந்து வந்து கத்தரிக்கோலை நீட்டினாள். அம்மா வாங்கி, அன்றைக்கு வந்த டியூப் ஒன்றை எடுத்து நறுக்கினாள். அடுத்ததையும் நறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் கத்தரிக்கோல் கேட்டு வந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் பாதி பின்னிய கூடையை எதிரில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அண்ணியிடம் நேராகக் கேட்டாள்.

"தெரியும் அத்தை."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா இடிஞ்சுபோய் வீட்டுல படுத்திருப்பீங்க. எனக்கு நீங்க வார்டுல வேணும். நீங்க வெட்டினாத்தான் மத்தவங்க வெட்டுவாங்க."

அம்மா அழுதாள். நானும்தான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அடுத்த தடவ ரத்த டெஸ்டுக்குப் போறப்ப சிரிப்புக்காரிகூட நான் போறேன்," என்றாள். "நீ அந்தக் கொடிய அவுத்துக்கிட்டு வா," என்று என்னை விரட்டினாள். அப்புறம் கூடையை முன்னால் இழுத்துக்கொண்டு அண்ணியிடம் கையை நீட்டினாள். "கத்தரிக்கோலக் குடு."

அண்ணி கொடுக்கவில்லை. பயிற்சிக்கு வைத்திருந்த சிவப்புப் பையைப் பிரித்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள்.

"முதல்ல கிளவுஸ் போடுங்க அத்தை."

அம்மா முறைத்தாள். பிறகு போட்டுக்கொண்டாள்.