ஒரே கயிற்றில் மூன்று பேர்

இன்று காலை கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வந்த பஸ்ஸில், என்னோடு படித்த ரிஸ்னா பக்கத்தில் வந்து இருந்தாள். கட்டாரில் வேலை செய்கிறவள், லீவில் வந்திருக்கிறாள்.

போன மாதம் ஈக்குவடோரில் பனி மூடிய எரிமலை ஒன்றில் ஏறப் போனாள். புதியவர்களை வழிகாட்டியோடு கூட்டிப்போகிற பயணம்.

எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். "உச்சிக்குப் போனியா?"

"இல்ல. கிட்டப் போய்த் திரும்பினன்."

வழிகாட்டி, இவள், போலந்துக்காரி ஒருத்தி, மூவரையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்களாம். உச்சி தெரிகிற இடத்தில் அந்தப் பெண்ணுக்குத் தலை சுற்றி, வாந்தி வந்து, பேச்சும் குழறியிருக்கிறது. உடனே இறங்க வேண்டும் என்றிருக்கிறார் வழிகாட்டி.

"எனக்கு ஒண்டுமில்ல, நீங்க அவவ இறக்கிட்டு வரும்வரைக்கும் இதில இருக்கிறன் எண்டு கெஞ்சினன். பனியில ஆரையும் தனிய விட ஏலாதெண்டிட்டார். அழுதழுதுதான் இறங்கினன்."

கீழே முகாமில் மூச்சுச் சீரானதும் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாளாம்.

"பரவாயில்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. அவட சப்பாத்தைக் கழட்டிவிட்டு, தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். அவ்வளவுதான் ஏலுமா இருந்திச்சு."

பஸ் பாலத்தில் ஏறியது.

"இப்ப கோபம் போயிட்டுதா?" என்று கேட்டேன்.

"முழுக்க இல்ல. ஆனா அவவும் நானும் அடிக்கடி போனில கதைக்கிறம். வாற வருசம் ரெண்டு பேரும் திரும்ப அந்த மலைக்குப் போறம்." பிறகு மெல்லச் சொன்னாள். "வேற வேற கயிறு."

அவளுடைய இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் "பரவாயில்லை" என்று சொல்லியிருப்பீர்களா? உண்மையை எழுதுங்கள். நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டாம்.