முதல் கைதட்டல்

போன ஞாயிறு, எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் யாரோ ஒருவர் தனியாகக் கை தட்டினார். பட், பட், பட். வேறு யாரும் சேரவில்லை. எனக்கு மாமாவின் காய்த்துப்போன உள்ளங்கைகள் ஞாபகம் வந்தன.

அம்மாவின் தம்பி. ஆஸ்டின் டவுனில் சைக்கிள் கடை. கடை ஒரு பேச்சுக்கு. உத்தியோகம் கை தட்டுவது. எங்கள் தலைவர் கவுன்சிலராக நின்றபோது, எம்.எல்.ஏ. ஆனபோது, தோற்றபோது, மறுபடி ஜெயித்து மந்திரியானபோது, இருபது வருஷமும் மேடைக்கு எதிரே முதல் கைதட்டல் மாமாவுடையதுதான். அதைக் கேட்ட பிறகே கூட்டத்துக்குத் தைரியம் வரும். தலைவர் கன்னடக்காரர், எங்கள் தெருக்களில் ஓட்டுக் கேட்டுக் கேட்டே தமிழ் பழகியவர். மாமாவுக்கு அவர் அண்ணன்.

எனக்குப் பத்து வயதில் அவரைச் சபாநாயகராக்கினார்கள். மாமா பாஸ் வாங்கி என்னையும் சட்டசபைக்கு அழைத்துப்போனார். ஆளுங்கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து அவரை உயரமான நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உறுப்பினர்கள் மேஜையைத் தட்டி ஓய்ந்தார்கள். மேலே, பார்வையாளர் மாடத்தில், மாமா எழுந்தார். பட், பட், பட்.

சத்தமே கூடாதென்று வாசலில் சொல்லித்தான் விட்டார்கள். கை கேட்டால்தானே?

எதிர்க்கட்சி வரிசையில் ஒருவர் எழுந்து, சபாநாயகர் தன் ஆட்களையும் கூட்டி வந்துவிட்டாரா என்று கன்னடத்தில் கேட்டார். சபை சிரித்தது. தலைவர் நிமிர்ந்தார். மாமாவை முன்பின் பார்த்தேயிராதவர்போலப் பார்த்தார்.

"அவரன்ன ஹொரகெ களிசி."

வெளியே அனுப்பச் சொல்லிவிட்டார். சபை கலையும்வரை எங்களை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள்.

"ஜெயிலா மாமா?"

"சும்மா இரு பாப்பா."

சாயங்காலம் தலைவரே வந்தார். காவலர்கள் விறைத்து நின்றார்கள். மாமா எழவில்லை.

"என்னய்யா, கோவமா?"

"தெரியாதவங்ககிட்ட எனக்கென்ன சார் கோவம்?"

மாமா அவரை சார் என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. தலைவரின் தோளில் எப்போதுமிருக்கும் கட்சித் துண்டு அன்று இல்லை. வெறும் தோளைத் தடவிக்கொண்டார்.

"அந்த நாற்காலியில உக்காந்தா எனக்குன்னு யாரும் கிடையாதுப்பா. இனிமே நம்ம கட்சிக் கூட்டத்துக்குக்கூட வர முடியாது."

வாசலில் அவருக்காக மூன்று கார்கள் நிற்பதைப் பார்த்திருந்தேன். பெரியவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கும் சபைக்கு வர்றியா?" என்று கேட்டார், கெஞ்சுகிற மாதிரி.

மாமா சொன்ன பதிலை நினைத்து நினைத்து வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தேன். அவர்கள் இருவரும் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"வரேண்ணே. கையை மட்டும் வீட்ல வெச்சிட்டு வரேன்."