இன்றைய மேடை ஜமுக்காளம்

கையில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குக் கட்டுவார்களே, அந்த மாதிரி. பட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் பெயர். காரைக்குடிப் பக்கம் இப்போது ஓட்டலாகிவிட்ட ஒரு பெரிய வீட்டில் இசை விழா என்று அண்ணன் மகள் கூட்டிப் போயிருந்தாள். வாசலில் ஒரு கம்பெனி, தண்ணீர் பாட்டிலில் ஒரு கம்பெனி, மேடைக்குப் பின்னால் தட்டியில் எண்ண முடியாத கம்பெனிகள். பாடிய பையன் நன்றாகத்தான் பாடினான். குறை சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வயதாகிவிட்டது, காது கெட்டுப்போகவில்லை.

என்னைக் கடந்து போன ஒரு பெண்மணி எதையோ மென்றுகொண்டு போனார். கிராம்பு வாசனை வந்தது. கிராம்பும் கற்பூரமும் சேர்ந்த வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு, வாயெல்லாம் ரோஸ் நிறமாக உட்கார்ந்து கச்சேரி கேட்ட ஒரு கூட்டம் ஞாபகம் வந்துவிடும். பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. "என்ன அத்தை, பாட்டு அவ்வளவு மோசமா?" என்றாள் அண்ணன் மகள். அவளிடம் சொல்ல அங்கே நேரமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். நான் தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவில் ஒரு செட்டியார் ஊரில், பெண்கள் பள்ளிக்கூடத்தில் புது டீச்சர். எனக்குச் சொந்த ஊர் ஒக்கூர்ப் பக்கம், அப்பாவுக்கு விவசாயம். எங்கள் வயலில் இந்த வரப்பில் நின்று கூப்பிட்டால் அந்த வரப்பில் கேட்க வேண்டும். அந்தக் குரல் அப்படியே என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் நான் வாய்ப்பாடு சொன்னால் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து சொல்லும். அந்த ஒரே தகுதியை வைத்து ஊர் இசை விழாவில் என்னை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். சங்கீதம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

பங்குனியில், ஊருணிக்கரைப் பொட்டலில் அந்த விழா நடக்கும். கோயில் விழா இல்லை, சபா இல்லை, எந்தப் பெரிய மனிதரும் தலைவர் இல்லை. டிக்கெட் கிடையாது. ஒரு வீட்டுக் கீற்று, ஒரு வீட்டு மூங்கில், ஒரு வீட்டு விளக்கு, ஒரு வீட்டு டம்ளர் என்று சேர்த்துத்தான் பந்தல் எழும். ட்யூப்லைட்டுக்குக் கரண்ட்கூடப் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்ததுதான்.

செட்டியார் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அண்டாவிலிருந்து ஆப்பக்கரண்டி வரை வீட்டு விலாசத்தைப் பொறித்து வைத்துவிடுவார்கள். பெரியவர்களின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகள், இரண்டோ மூன்றோ. ஊர்ச் சாப்பாட்டுக்கு இரவல் போன கரண்டி எந்த மூலையில் கிடந்தாலும் வீடு வந்து சேர்ந்துவிடும். ஆகவே எங்கள் பந்தலில் எங்கே பார்த்தாலும் எழுத்தாக இருக்கும். உட்கார்ந்தால் ஒரு வீட்டு எழுத்தின் மேல், பானகம் குடித்தால் இன்னொரு வீட்டு எழுத்தில். பாடகர் வெற்றிலை துப்புகிற பணிக்கத்திலும் ஒரு வீட்டு விலாசம் இருக்கும்.

கச்சேரிக்கு முன்னால், யார் யார் எதைக் கொடுத்தார்கள் என்று மைக்கில் வாசிக்க வேண்டும். அதுதான் என் வேலை. எப்போதும் முதல் வரி ஒன்றேதான். "இன்றைய மேடை ஜமுக்காளம், வெ.பெரி. வீட்டுச் சிகப்பி."

சிகப்பி உயிரோடு இல்லை. அந்த வீட்டு உமையாள் ஆச்சியின் மகள். கல்யாணம் நிச்சயமாகி, சீருக்கென்று சொல்லிவைத்து நெய்த ஜமுக்காளம் வந்து இறங்கிய மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். சிவப்பும் பச்சையுமாக, எதிரெதிரே இரண்டு கிளிகள், கீழ் ஓரத்தில் வீட்டு எழுத்தும் அவள் பெயரும். ஆச்சி அதை வேறு யார் சீருக்கும் கொடுக்கவில்லை. வருஷத்தில் அந்த ஒரு வாரம் விழாவுக்குக் கொடுப்பார். ஒரு கிளியின் வாலில் வெற்றிலைக் கறை இருக்கும், எப்போதோ ஒரு மிருதங்கக்காரர் விட்டுப்போனது. கறையைப் பற்றி ஆச்சி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தினமும் சாயங்காலம் வேப்பமரத்தடியில் வந்து நிற்பார். நான் முதல் வரியை வாசித்து முடிக்கும்வரை உட்காரமாட்டார். ஒருநாள் கேட்டேன், பாட்டு ரொம்பப் பிடிக்குமா ஆச்சி என்று.

"பாட்டெல்லாம் எனக்கு என்னத்தத் தெரியும் டீச்சர்? எங்க வீட்டுல அவ பேரச் சொல்லிக் கூப்பிட ஆளில்ல. இங்கன வந்தா நீங்க கூப்பிடுறீக. அதக் கேட்டுட்டுப் போலாம்னு வாரேன்."

அதற்குப் பிறகு நான் அந்த வரியை வாசிக்கும்போது கொஞ்சம் நிதானமாகவே வாசிப்பேன்.

விழாவுக்குச் செயலாளர் என்று சொல்லிக்கொள்ளக்கூடியவர் சோலையப்பன் அண்ணன். இரும்புக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் பெரிய ஆசைக்காரர். மதராஸில் ஒரு பாடகர் அப்போது உச்சத்தில் இருந்தார். அவரை எங்கள் பொட்டலில் பாட வைத்துவிட வேண்டும், பிறகு செத்தாலும் பரவாயில்லை என்பார். ஆனால் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணமெல்லாம் நின்றுபோய், பல பெரிய வீடுகளில் ஆள்கூட இல்லாமல் பூட்டிக் கிடந்த காலம் அது. கீற்றும் டம்ளரும் தருவார்கள். மதராஸ் பாடகருக்கு டம்ளரைக் கொடுத்து அனுப்ப முடியுமா?

அப்போதுதான் அந்தப் பல்பொடிக் கம்பெனி வந்தது. பாடகரின் செலவு முழுக்க அவர்களுடையது. பதிலுக்கு மேடையில் கம்பெனியின் போர்டு, மைக்கில் அவர்கள் எழுதித் தரும் வாசகம். ஏஜெண்ட் மதராஸ்காரர், ஒல்லியாக, எங்கள் வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வந்தார். வேனிலிருந்து மூட்டை மூட்டையாக இலவசப் பொட்டலங்களை இறக்கினார்கள். ரோஸ் நிறப் பொடி, கிராம்பும் கற்பூரமும் மணக்கும், நல்ல இனிப்பு. பல் தேய்ப்பதற்கு முன்னால் பாதியைப் பிள்ளைகள் தின்றே தீர்த்தார்கள். பெரியவர்களும் 'சும்மா ருசி பார்ப்போம்' என்று ஆரம்பித்து, அன்று சாயங்காலம் பந்தலில் பூ வாசனையே எடுபடவில்லை. நானும் தின்றேன். டீச்சர் என்பதால் மறைவாகத் தின்றேன்.

இதில் ஒரு வேடிக்கை, அந்த மதராஸ் பாடகர் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். ஏஜெண்ட் அவரைப் போர்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "ஐயா கொஞ்சம் சிரிங்க" என்று படம் எடுக்கப் பார்த்தார். ஐயா சிரித்தார். ஏஜெண்ட் அவசரமாக, "வாயை மூடிக்கிட்டே சிரிங்கய்யா" என்றார்.

வினை எங்கே வந்தது என்றால், போகிற போக்கில் ஏஜெண்ட் சொன்ன ஒரு வார்த்தையில். "பந்தல்ல எங்க பேரைத் தவிர வேற பேர் எதுவும் தெரியக் கூடாதுங்க." சோலையப்பன் அண்ணன் சரி என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, டம்ளர்களில் இருந்த எழுத்துகளின் மேல் காகிதத்தை ஒட்டினார். அண்டாவைச் சுற்றிச் சாக்கைக் கட்டினார். பாய்களைத் திருப்பிப் போட்டார். கீழே விரித்த ஜமுக்காளங்களைத் திருப்பினால் எழுத்து அந்தப் பக்கமும் தெரிந்தது, அதனால் மேலே வைக்கோல் தூவினார். பணிக்கத்துக்கும் காகிதம் எடுத்துக்கொண்டு போனவரைப் பாடகரின் ஆள் தடுத்து நிறுத்தினார். கடைசியாக மேடையில் ஏறி, சிகப்பியின் பெயர் இருந்த ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிட்டார்.

ஆச்சி வழக்கம்போல வேப்பமரத்தடிக்கு வந்தார். மேடையைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பாமல் நேரே படியேறிப் போய், குனிந்து அந்த மடிப்பை எடுத்துவிட்டார்.

சோலையப்பன் அண்ணன் ஓடினார். "ஆச்சி, இன்னைக்கி ஒரு நாளைக்கு மட்டும் பொறுத்துக்கங்க ஆச்சி. கம்பெனிக்கு வாக்குக் குடுத்துப்புட்டேன். வேற பேரு தெரியப்புடாதாம்."

ஆச்சி சத்தம் போடவில்லை. "மடிச்சுத்தான் வைக்கணும்னா எங்க வீட்டுப் பொட்டியிலயே மடிச்சு வச்சுக்கிறேன் சோலை. அதுக்கு எதுக்கு இங்குட்டுக் கொண்டாரணும்?"

சொல்லிவிட்டு ஜமுக்காளத்தைத் தட்டி, சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரு வீடு பாயைச் சுருட்டியது. ஒரு வீடு காகிதத்தைக் கிழித்துவிட்டு டம்ளர்களைக் கூடையில் அடுக்கியது. அண்டாக்காரர்கள் பானகத்தை இன்னொரு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டு அண்டாவை உருட்டிக்கொண்டு போனார்கள். கூட்டம் அப்படியே மண்ணில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ட்யூப்லைட்டை அண்ணாந்து பார்த்து, "கரண்டுல நாங்க எழுத்துப் பொறிக்கல. அது எரிஞ்சுட்டுப் போகட்டும்" என்றார்.

ஏஜெண்டுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஆச்சியின் பின்னால் ஓடிப்போய், "அம்மா, நான் சொன்னது சோப்புக் கம்பெனி, பீடிக் கம்பெனி போர்டுங்களை. வீட்டு ஜாமானை யாருங்க சொன்னது?" என்றார். உண்மையிலேயே அவர் மனதில் இருந்தது அதுதான்.

"உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. நீங்க வெளியூரு. மடிச்சது எங்க ஊர்க்காரன்ல" என்றார் ஆச்சி. நிற்காமல் போய்விட்டார்.

மேடையில் கம்பெனியின் புது விரிப்பு விழுந்தது. ரோஸ் நிறம்தான், நடுவில் ஒரு பல் படம். பாடகர் பல்லின் மேல் உட்கார்ந்தார். சோலையப்பன் அண்ணனின் கனவு கடைசியில் நடந்துவிட்டது. ஆனால் அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி நின்றார்.

நான் மைக் முன்னால் போனேன். கம்பெனி வாசகத்தை வாசித்தேன், "ஈறுகளுக்கு உறுதி, சுவாசத்துக்கு நறுமணம்" என்று என்னென்னவோ இருந்தது. முடிந்ததும் நாக்கு தன் பழக்கத்தில் அடுத்த வரிக்குப் போய்விட்டது. "இன்றைய மேடை ஜமுக்காளம், வெ.பெரி. வீட்டு..." என்றேன். நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து ஏஜெண்ட் கையைக் காட்ட, மைக்செட்காரர் கம்பெனியின் பாட்டு ரெக்கார்டைப் போட்டுவிட்டார். ஊருணிக்கரை மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் பாதி வரி மட்டும் ஊரெல்லாம் போயிற்று.

மறுநாள் காலையில் மனசு கேட்காமல் ஆச்சி வீட்டுக்குப் போனேன். விலாசம் போட்ட டம்ளரில் காபி கொடுத்தார்.

"பாதியில நிப்பாட்டிப்புட்டீகளே டீச்சர்?"

"நான் நிப்பாட்டல ஆச்சி. ரெக்கார்டப் போட்டுட்டாக."

"தெரியும். மிச்சத்த நானே சொல்லிக்கிட்டேன்."

அவர் சாதாரணமாக அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார், பள்ளிக்கூடத்தில் மாங்காய் திருடுகிற பிள்ளைகளைப் பற்றி.

அடுத்த வருஷம் நாற்காலி வந்தது, டிக்கெட் வந்தது, கம்பெனியே ஒரு அறிவிப்பாளரையும் கூட்டி வந்தது. ரேடியோக்காரர் மாதிரி அழகாகப் பேசினார், எனக்கே பொறாமையாக இருந்தது. கச்சேரி போய் மெல்லிசைக் குழு வந்தது. நானும் நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு ரசித்தேன், பொய் சொல்வானேன். சில வருஷத்தில் கம்பெனிக்கு எங்கள் பொட்டல் அலுத்துப்போய் வேறு எங்கோ போய்விட்டது. சோலையப்பன் அண்ணன் பழையபடி நடத்திப் பார்ப்போம் என்று வீடு வீடாகப் போனார். கீற்றும் பாயும் எல்லா வீட்டிலும் இருந்தன. தரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. எடுத்துக் கொடுக்கத்தான் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்கும் மாற்றலாகிவிட்டது. ஆச்சி காலமானதை யாரோ பஸ்ஸில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த வீட்டுச் சாமான்களெல்லாம் காரைக்குடிப் பழைய பொருள் கடைகளுக்கு வண்டி வண்டியாகப் போனதாம்.

இனி அந்த ஓட்டலுக்கு வருகிறேன். கிளம்பும்போது முற்றத்தில், எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்கிற இடம் ஒன்று இருந்தது. சுவரில் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். சிவப்பும் பச்சையும், எதிரெதிரே இரண்டு கிளிகள். ஒரு கிளியின் வாலில் கறை. கால் அப்படியே நின்றுவிட்டது. கீழ் ஓரத்தில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெயிண்ட் கம்பெனியின் பலகையை அடித்திருந்தார்கள்.

கழுத்தில் அட்டை மாட்டியிருந்த ஒரு பெண்ணிடம், "இந்தப் பலகையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"அது ஸ்பான்சர் போர்டு மேடம். அங்கதான் இருக்கணும்."

"அதுக்கு அடியில என்ன இருக்கு தெரியுமா?"

"துணிதான் மேடம். பழைய டிசைன்" என்றாள். தங்கமான பெண், எனக்கு உட்கார நாற்காலிகூடக் கொண்டுவந்து போட்டாள்.

நான் உட்காரவில்லை. பலகைக்கும் ஜமுக்காளத்துக்கும் இடையில் விரலை விட்டுத் தடவினேன். எழுத்து தடித்துத் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். வரப்புக் குரல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. "இன்றைய மேடை ஜமுக்காளம், வெ.பெரி. வீட்டுச் சிகப்பி" என்று முழுசாகச் சொன்னேன். செல்போனும் கையுமாக நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நாளில் இந்த வரியை முடித்ததும் தலையைத் தூக்கி வேப்பமரத்தடியைப் பார்ப்பேன், ஆச்சி உட்கார்ந்துவிட்டாரா என்று. பழக்கம் விடவில்லை, அந்த முற்றத்திலும் பார்த்தேன். அந்தப் பக்கம் தண்ணீர்க் கம்பெனியின் குடை ஒன்று நின்றுகொண்டிருந்தது.