முகூர்த்தத்தில் ஏறிய வரிகள்

என் இணையதளத்துக்கு யார் வருகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் வருவேன். கெஞ்சிக் கேட்டால் மனைவி வருவாள். மற்றபடி, உலகம் முழுக்கப் பக்கம் பக்கமாக மேய்ந்து திரியும் தேடுபொறிகளின் எந்திரங்கள். அவை கேட்காமலே வந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடும்.

பிழைப்புக்கு மற்றவர்களின் இணையதளங்களைக் கட்டித் தருகிறேன். பல் மருத்துவர், யோகா வகுப்பு, ஆழ்வார்பேட்டையில் ஒரு கேக் கடை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு பால்கனி ஓரம்தான் ஆபீஸ். வேலைக்கு நடுவே, கொடியில் உலரும் வேட்டி காற்றில் வந்து முகத்தைத் துடைத்துவிடும் நேரத்தில், நாலு வரி எழுதுவேன். கவிதை என்று சொன்னால் கவிஞர்கள் கோபிப்பார்கள். கட்டுரை என்றால் எனக்கே வருத்தம். எழுதியதைத் தளத்தில் ஏற்றுவேன். ஏற்றியதும் எழுத்துரு பிடிக்காது. மாற்றினால் வரி இடைவெளி இடிக்கும். இடைவெளியைச் சரிசெய்தால் கைபேசியில் தலைப்பு ஒடிந்து தொங்கும். அதற்குள் வெளிச்சம் போய்விடும்.

"எழுதறதை விட சுண்ணாம்பு அடிக்கறதுதான் ஜாஸ்தியா இருக்கு," என்பாள் மனைவி. "யாராவது வந்தாத்தானே சுவர் அழுக்காகும்? அதுக்குள்ள என்ன தினம் தினம் அடிச்சுண்டு?"

முன்பின் தெரியாத யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, என் வரி ஒன்றில் கால் இடறி நின்றால் போதும் எனக்கு. இதை அவளிடம் சொல்ல வெட்கம். பேசாமல் அடுத்த எழுத்துருவைத் தேடுவேன்.

அந்தச் சமயத்தில் தி.நகரில் ஒரு பட்டுக்கடை வேலை வந்தது. முதலாளி திருநெல்வேலிப் பக்கம். எல்லோருக்கும் போல எனக்கும் அண்ணாச்சி. புடவையை ஒரு கையிலும் கைபேசியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"சார், இது அரக்கு. நீங்க போட்டிருக்கது ரத்தம்லா?"

மாற்றினேன். அவர் கைபேசியில் அரக்கு வந்தது. அவர் மகன் கைபேசியில் கத்தரிக்காய் வந்தது. ஆளுக்கொரு கண்ணாடிக்குள் ஆளுக்கொரு வானவில்; அத்தனைக்கும் நான்தான் சாயக்காரன்.

ஒவ்வொரு புடவைப் படத்துக்கும் கீழே போட விவரம் கேட்டிருந்தேன். "நாளைக்கு அனுப்புதேன் சார்." நாளைகள் வந்துகொண்டே இருந்தன. விவரம் வரும்வரை அந்த இடத்தில் அர்த்தமில்லாத லத்தீன் வார்த்தைகளை நிரப்பிவைப்பது எங்கள் தொழில் வழக்கம், பக்கம் எப்படி அமையும் என்று பார்ப்பதற்காக. எனக்கு அது ஒத்துவராது. தமிழின் கொம்பும் காலும் சுழியும் கேட்கும் இடம் வேறு. ஆகவே என் தளத்திலிருந்தே நாலு வரிகளை எடுத்து ஒட்டிவைப்பேன். அசல் வந்ததும் அழித்துவிடலாம்.

அசல் வரவில்லை. முகூர்த்தம் வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகு காலம் சார். அதுக்கு முந்தி ஏத்திரணும்."

போய்ப் பார்த்தால் எனக்காக ஒரு மேசை போட்டு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். மடிக்கணினியை வைத்ததும் அதற்குச் சந்தனம், குங்குமம். விசைப்பலகை மேல் ஓர் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே கடையின் இணைய இணைப்பு அறுந்தது. அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க, நான் என் கைபேசியிலிருந்து இணைப்பை இழுத்து, பழத்தை நகர்த்தி, பொத்தானைத் தட்டினேன். தளம் எழுந்தது. கைதட்டல். எல்லோர் கையிலும் தொன்னையில் கேசரி. புடவைகளோடு என் வரிகளும் உலகத்துக்குப் போய்விட்டன என்பது கேசரியின் நெய்யில் எனக்கு உறைக்கவே இல்லை.

சில நாள் கழித்து அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு. "சார், ஒடனே கடைக்கு வாங்க. ஒரு அம்மா வந்து உக்காந்திருக்காவ. எந்திரிக்க மாட்டேங்காவ. நீங்க எழுதிப் போட்டதக் கேக்காவ."

ஆட்டோ பிடித்தேன்.

"தி.நகர் உஸ்மான் ரோடா? இன்னா சார், இந்த டைம்ல அங்க வண்டி எல்லாம் சும்மா நின்னுக்கினு கீது," என்று சொல்லிக்கொண்டே ஓட்டுநர் கிளப்பினார்.

போகிற வழியில் கடையின் தளத்தைத் திறந்தேன். பச்சைப் புடவைக்குக் கீழே என் கடல். மாம்பழ மஞ்சளுக்குக் கீழே என் மத்தியானம். வேலை போயிற்று என்று நினைத்தேன். அதைத் தாண்டி, அசட்டுத்தனமாக, இன்னொன்றும் நினைத்தேன்: யாரோ படித்திருக்கிறார்கள்.

கடையில் விரிப்பு முழுக்கப் பச்சைப் புடவைகள். நடுவே நரைத்த தலையோடு ஓர் அம்மாள். புடவை எடுத்துப் போடுகிறவரைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "'மழைக்கு முன்னால் கடல் தன் பச்சையை மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறது.' அப்படித்தானே போட்டிருந்தது? அந்தப் பச்சையை எடுங்க. இதெல்லாம் வெறும் கிளிப்பச்சை."

அண்ணாச்சி என்னைக் கை காட்டினார். "இவரக் கேளுங்க. இவருதான் எழுதினது."

"நீங்களா?" அந்த அம்மாள் திரும்பினார். "நான் பெசன்ட் நகர் கடற்கரையில தினம் நடக்கறவ. மழைக்கு முன்னாடி கடல் பச்சையை மடிச்செல்லாம் வைக்காது. வெளிய எடுத்து உதறும். நீங்க மேகம் மூடினப்புறம் போய்ப் பாத்திருக்கீங்க."

"மூடறதுக்கு முன்னாடியே பாத்தேம்மா. மடிப்பு மடிப்பாத்தான் இருந்தது."

"உதறினாலும் மடிப்பு தெரியும் சார். புடவை கட்டறவங்களைக் கேளுங்க."

அந்த வரிக்கு இடைவெளி பார்த்தேன், எழுத்துரு பார்த்தேன். கடலை இன்னொரு தடவை போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

"கடல் சண்டைய அங்கிட்டு வச்சுக்கிடுங்க," என்றார் அண்ணாச்சி. "அம்மா, சேல எடுக்கீயளா இல்லியா?"

எடுத்தார். திருப்பினால் கறுப்பு மின்னும் இருட்டுப் பச்சை. "இது என் கடல். உங்களோடது இல்ல," என்றார் என்னிடம்.

பில் போட்டபடியே அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். "எல்லாத்தையும் எடுத்திருங்க சார். சுத்தப் பட்டு, கைத்தறி, தண்ணியில நனைக்காதீங்க. அது போதும். ஆளாளுக்குக் கடல் வேணும் மழை வேணும்னு வந்தா நான் எங்க போவேன்?"

"இன்னைக்கே எடுத்துடறேன் அண்ணாச்சி."

"எடுத்துட்டா மிச்சத்தை நான் எங்க படிக்கறது?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

என் தளத்தின் முகவரியைச் சொன்னேன். அவர் திறந்தார். கைபேசியைத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். மறுபடி தள்ளிப் பிடித்தார்.

"என்ன சார், எழுத்து எறும்பு மாதிரி ஊர்றது? கண்ணாடி வேற வீட்டுல."

"இங்க தாங்கம்மா," என்று அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, பில்லில் உருப்படி வாசிக்கும் அதே குரலில் படித்தார். "'தேனாம்பேட்டை சிக்னலில் சிவப்பு விழுந்ததும் நகரம் ஒரு நொடி தன் பெயரை மறந்து நிற்கிறது.' ஒரு நொடியா? அர மணி நேரம்லா நிக்கோம்!"

"நடுவுல பேசாதீங்க. மேல படிங்க," என்றார் அந்த அம்மாள், பையை மடியில் வைத்துக்கொண்டு.

பில்லுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, தாள் புரட்டுகிறவர் போலத் திரையைத் தள்ளினார்.