ஒன்பது நிமிடத் தாமதம்

அன்று காலை வட்டவளை ஸ்டேஷனுக்கு ரயில் பதினேழு நிமிடம் தாமதம். மலைப்பாதையில் கீழே எந்த இடத்தில் எதற்காக நிறுத்தி வைத்திருப்பார்கள் என்று ரீட்டா டீச்சரிடம் கேட்போம் என்று கைபேசியை எடுத்தேன். அவர் மூன்று வாரமாகக் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆனாலும் இந்த மாதிரிக் கேள்வி என்றால் தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்துவிடுவார். எண்ணை அழுத்துவதற்குள் அவருடைய தம்பி அந்தோனியிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா விடியக்காலையிலேயே போயிட்டாங்க சார்."

ரயில் வந்தது, ஏறினேன். ஹட்டனில் உள்ள எங்கள் பாடசாலைக்குப் போகப் பதினொரு வருடமாக றொசல்லயில் அவர் ஏறுவார். அங்கே பெட்டி நின்றபோது அழுதுவிட்டேன். சுற்றிலும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். வெட்கப்படத் தோன்றவில்லை. அங்கேயே இறங்கி, அவர் வீடு இருந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு நடந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் கணிதம் படித்தவர்கள். சிலர் அவரிடம் அடியும் வாங்கியவர்கள். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் கோயில் மண்டப வாசலில் அவர் படம் போட்ட பேனரைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெயருக்குக் கீழே ஒரு வரியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தது. அச்சுப் பிழை என்று சிலர் பேசிக்கொண்டார்களாம். பிழைதான், ஆனால் அச்சகத்துக்காரருடையது அல்ல, என்னுடையது. அந்தத் தாளுக்கு அடியில் என்ன இருந்தது, ஏன் மறைத்தோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பௌதிகவியல் ஆசிரியன். ஒரு விடுமுறையில் இணையவழிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, தூர நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிப் படித்தேன். ஒரு கோள் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது அந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் கொஞ்சம் குறையும். விண்வெளித் தொலைநோக்கி அதைப் பதிவு செய்து எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. கோள் ஒழுங்காகச் சுற்றினால் அந்தக் குறைவும் ஒழுங்கான இடைவெளியில் வரவேண்டும். சில நேரம் சில நிமிடம் முந்தியோ பிந்தியோ வரும். ஏன் என்று ரயிலில் டீச்சருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"சிங்கிள் லைன்தானே சார். நம்ம ரயில் லேட்டுன்னா, எங்கயோ எதிர்ல வர்ற ரயிலுக்கு வழி விட்டு நின்னுருக்கு. அந்த ரயில நாம பார்க்கலைன்னாலும் அது இருக்கு."

"இங்கே நிறுத்துறதில்ல டீச்சர். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் பக்கத்தில் இருந்து இழுக்குது. அதனாலதான் நேரம் மாறுது."

"இழுக்குதோ நிறுத்துதோ, லேட்டுக்கு ஒரு ஆள் இருக்குல்ல?"

அவர் சும்மா சொல்லவில்லை. தினமும் ரயில் வந்த நேரத்தை ஒரு கொப்பியில் குறித்து, எந்த ரயில் எங்கே தாமதமாகியிருக்கும் என்று ஊகித்து, ஹட்டனில் இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சிங்களத்தில் விசாரித்துச் சரிபார்ப்பார். அந்த மனிதர் இவரைக் கண்டாலே சிரித்துவிடுவார். மறுநாள் அதே கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி, முதல் நட்சத்திரத்தின் எண்ணை எழுதிக்கொண்டு வந்தார் டீச்சர்.

அப்படித்தான் தொடங்கியது. இருவருக்கும் ஒன்றாக ஓய்வு கிடைக்கும் பாடவேளைகளில் கணினி அறையில் உட்காருவோம். வெளியே மழை பெய்யும், அல்லது மூட்டம் மூடியிருக்கும். "ஹட்டன்ல சூரியனையே காணோம், நீங்க ரெண்டு பேரும் நட்சத்திரம் தேடுறீங்களே" என்று பாடசாலை அதிபர் வாசலில் நின்று கேலி செய்வார். "வானத்த யாரு சார் பார்த்தா? நாங்க டைம்டேபிளத்தான் பார்க்கிறோம்" என்பார் டீச்சர். உண்மையும் அதுதான். அவர் தொலைநோக்கியில் கண் வைத்ததே கிடையாது.

இனி என் மானம் போன கதை. மூன்றாவது வருடம் ஒரு நட்சத்திரத்தில் எனக்கு ஒரு அலை அகப்பட்டது. அதன் கோள் ஆறு மாதம் போல முந்தி முந்தி வருகிறது, அடுத்த ஆறு மாதம் பிந்திப் பிந்தி வருகிறது. விண்வெளித் தொலைநோக்கியின் நேரங்களோடு, பல நாடுகளில் ஆர்வலர்கள் வீட்டிலிருந்து எடுத்த நேரங்களையும் சேர்த்திருந்தேன். அழகான வளைவு. மறைந்த கோள் ஒன்று அகப்பட்டுவிட்டது என்று முடிவு செய்து, வெளிநாட்டு ஆய்வுக் குழுவுக்கு அன்றே எழுதினேன். ஆசிரியர் அறையில் கேக் வெட்டினோம். டீச்சர் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எந்தக் கடிகாரம் சார்?"

புரியவில்லை. மறுநாள் ரயிலில் அவரே விளக்கினார். பூமி சூரியனைச் சுற்றும்போது, வருடத்தில் பாதி அந்த நட்சத்திரத்துக்கு அருகே போகிறது, பாதி விலகி வருகிறது. வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எட்டு நிமிடம் வரை முந்தும், பிந்தும். அதனால் எல்லா நேரங்களையும் சூரியனில் ஒரு கடிகாரம் இருப்பதாக வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். தொலைநோக்கியின் நேரங்கள் மாற்றப்பட்டவை. ஆர்வலர்களின் நேரங்கள் சுவர்க் கடிகார நேரங்கள். நான் இரண்டையும் கலந்திருந்தேன்.

"அலை சரியா ஒரு வருஷத்துக்கு ஒருக்கா வருதே, கவனிச்சீங்களா? நீங்க கண்டுபிடிச்சது நாம இருக்கிற கோளத்தான் சார்."

பெட்டியில் இருந்த உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கே அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு முகம் எரிந்தது. அன்றிலிருந்து ஒரு பாடசாலைத் தவணை முழுவதும் நான் கடைசிப் பெட்டியில் ஏறினேன். றொசல்லயில் ரயில் நிற்கும்போது ஜன்னலை இறக்கிவிடுவேன். நாற்பது வயது ஆண்பிள்ளை செய்கிற வேலையா அது?

அந்தக் கோபத்தைத் தணித்தது ஒரு கடிதம். என் பிழையைத் திருத்தி ஆய்வுக் குழுவுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது, நான் இழுத்தடித்தேன். ஒரு நாள் அவரே எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கீழே இரண்டு பெயர் இருந்தது. அவர் பெயர் முதலில்.

"பிழை என்னுடையதுதானே டீச்சர்? உங்க பேர் எதுக்கு?"

"ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்ததுதானே சார். கையெழுத்துப் போடுங்க, மணி அடிக்கப் போறாங்க."

போட்டேன். அடுத்த நாள் பழைய பெட்டிக்கே போனேன். அவர் பையை எடுத்து இடம் விட்டார். நான் வராத தவணையைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

அதன் பிறகு அவருக்கென்று ஒரு நட்சத்திரம் அமைந்தது. கடிகாரங்களைப் பத்து முறை சரிபார்த்த பின்னும் அதன் கோள் சில நிமிடங்கள் தள்ளாடியது. நட்சத்திரத்தின் மேலுள்ள கறைகளும் அப்படித் தள்ளாட்டம் காட்டக்கூடும் என்று அவரே கொப்பியில் எழுதி வைத்தார். இரண்டு வருடம் கணக்குப் போட்டார். நோய் வந்து, வாரம் இரண்டு தடவை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குக் கண்டிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் முடிவுக்கு வந்தார். மறைந்த கோள் உண்டென்றால், தொலைநோக்கி அடுத்த முறை அந்தப் பக்கம் திரும்பும்போது ஒன்பது நிமிடத் தாமதம் தெரிய வேண்டும். நேரத்துக்கு வந்தால் ஒன்றுமில்லை. இதைப் பேனாவால் எழுதி, என்னைச் சாட்சிக் கையெழுத்தும் போட வைத்தார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்த மத்தியானம் அவர் கை ஊதியிருந்தது. "எப்படி வந்தாலும் எழுதிருங்க சார். எனக்காகப் பார்த்துச் செய்யாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். வெளியே வந்ததும் நான் செய்தது வேறு. வராந்தாவில் அந்தோனி கலங்கி நின்றார். அவரைத் தேற்ற என்ன சொல்வதென்று தெரியாமல், "உங்க அக்கா புதுசா ஒரு கோளையே கண்டுபிடிச்சிருக்காங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் திருத்த மனம் வரவில்லை. அந்த வாக்கியம்தான் பேனரில் ஏறியது.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் தரவு வெளியானது. ஐந்து குறைவுகள். ஐந்தும் நேரத்துக்கு வந்திருந்தன, ஒரு நிமிடம் கூடப் பிசகவில்லை. மூன்று நாள் அந்த எண்களைப் போட்டுக் கசக்கினேன். ஒன்றை விட்டுப் பார்த்தேன், மங்கலாக இருந்த இரண்டை நகர்த்திப் பார்த்தேன். மூன்று நிமிடத் தாமதம் வரை கொண்டுவர முடிந்தது. இன்னும் கொஞ்சம் முயன்றால் நாலு வரும். யார் வந்து கேட்கப்போகிறார்கள்? டீச்சருக்கு ஒரு கோளைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு. ஆனால் ஒவ்வொரு தடவையும், கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட 'எந்தக் கடிகாரம்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

பூசைக்கு முதல் நாள் றொசல்லக்குப் போய் அந்தோனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அக்கா கணக்கு தப்பா சார்?"

"தப்பில்ல தம்பி. இப்படி வந்தா இல்லைன்னு அக்காவே எழுதியிருக்காங்க. இப்படித்தான் வந்திருக்கு."

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லியிருப்பாங்க?"

"அடுத்த நட்சத்திரத்தோட நம்பரைக் கேட்டிருப்பாங்க."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே போய் வெள்ளைத்தாளும் பசையும் எடுத்து வந்தார். பேனரை வாசலில் விரித்து இருவருமாக அந்த வரியை மறைத்தோம். பிறகு கொப்பியைக் கொண்டுவந்து, "இது உங்ககிட்ட இருக்கட்டும் சார்" என்றார்.

ஆகவே அவரிடம் படித்தவர்களே, யாராவது கேட்டால், டீச்சர் கோள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். ஒரு நட்சத்திரத்தில் அவர் தேடினார், அவர் சொன்ன இடத்தில் அது இல்லை, இல்லை என்று கண்டுகொள்ளும் வழியையும் அவரே எழுதி வைத்திருந்தார்.

கொப்பி இப்போது என் பையில் இருக்கிறது. முன்பக்கம் ரயில்கள், பின்பக்கம் நட்சத்திரங்கள். அவருடைய பேனா வரிக்குக் கீழே, "நேரத்துக்கு வந்தது" என்று நானும் பேனாவாலேயே எழுதினேன். நேற்று ஆய்வுக் குழுவுக்குக் கடிதம் அனுப்பினேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்ததுதானே.