நான்கு வன்தட்டுகளும் என் எண்சீட்டுகளும்

எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கிடைக்கும் ஒரே பாராட்டு, அன்று யாரும் நம்மைத் தேடி வராததுதான். 'இவருக்குக் கொஞ்சம் விவரம் தெரியும்' என்று யாரோ சொன்ன காரணத்துக்காக ஓர் அலுவலகத்தின் சர்வரைத் தலையில் ஏற்றிக்கொண்டவர்கள் இதை வாசித்தால், அவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. நான் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைப் படமெடுத்துப் பாதுகாக்கும் சிறிய சங்கம் ஒன்று பேராக் மாநிலத்தின் புந்தோங்கில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் இயங்குகிறது. பதிவேடுகளை ஒழுங்குபடுத்தத்தான் என்னை அழைத்தார்கள். ஆறே மாதத்தில், சாமான் அறையில் இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருந்த, அந்தப் படங்களையெல்லாம் சேமிக்கும் சர்வரின் சாவியும் என் கைப்பைக்குள் வந்து சேர்ந்திருந்தது.

சாத்திய கதவு

ஒரு திங்கட்கிழமை காலை மாடிப்படி ஏறும்போதே கீச்சென்று விட்டு விட்டு ஓர் ஒலி கேட்டது. சாமான் அறைக் கதவைத் திறந்தால் சர்வர்தான் அலறிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் வழக்கமாக நீலமாக எரியும் விளக்கு மஞ்சளாக மாறியிருந்தது. உள்ளே இருக்கும் நான்கு வன்தட்டுகளில் ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளம் அது.

அலுவலக எழுத்தர் பார்வதி எனக்கு முன்பே வந்து அஞ்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இது எப்போது தொடங்கியது என்று கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

"வியாழக்கிழமையிலேருந்து கத்துதுலா டீச்சர். கதவைச் சாத்துனேன், அப்புறம் கேக்கல."

மூவர் இருந்தால் போதும்

சர்வரை எங்களுக்குப் பொருத்திக் கொடுத்தவர் குணா. நாற்பது வயதைத் தாண்டியவர். பேராக் முழுக்க மோட்டார் சைக்கிளிலேயே சுற்றி இத்தகைய எந்திரங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். அன்று தஞ்சோங் மாலிமில் வேறொரு வேலையில் இருந்தார். தொலைபேசியில் அழைத்து, கெட்ட வன்தட்டில் இருந்த பக்கங்களின் கதி என்ன என்று கேட்டேன். (நான் வன்தட்டு என்பேன், அவர் ஹார்ட் டிஸ்க் என்பார், எந்திரம் இருவரையும் பொருட்படுத்துவதில்லை.)

நான்கு மாணவர்கள் ஒரு பாடத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் வராவிட்டாலும் மற்ற மூவர் சேர்ந்து அவருடைய பங்கைக் கணக்கிட்டுச் சொல்லிவிடும் ஏற்பாடு அது என்று அவர் விளக்கத்திலிருந்து புரிந்துகொண்டேன். புதன்கிழமை புதியதைக் கொண்டுவந்து மாற்றுவதாகவும், அதுவரை எந்திரத்தை அதிகம் அலைக்கழிக்க வேண்டாம் என்றும் சொன்னார். மூவரில் இன்னொருவரும் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஒண்ணு போனா என்னைக் கூப்பிடுங்க டீச்சர். ரெண்டு போனா சாமியைக் கூப்பிடுங்க."

லகாட்டிலிருந்து வந்தவர்

அன்று மதியமே அஞ்சலை வந்தார். லகாட்டில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர். ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது இங்கேதான், அருகிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். ஆனால் தகப்பனார் பிறப்பைப் பதியாமல் விட்டதால், இந்த வயதிலும் கையில், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமைக்காக அவர் செய்த இரண்டு விண்ணப்பங்கள் திரும்பிவிட்டன. மூன்றாவதற்கு வியாழக்கிழமை பதிவிலாகாவில் நேர்காணல். சிறுவயதில் இங்கே இருந்ததற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றிருந்தார்கள். அவர் படித்த தோட்டப் பள்ளி இன்று இல்லை. அதன் சேர்க்கைப் பதிவேட்டை இரண்டு வாரத்துக்கு முன்புதான் படமெடுத்திருந்தோம். கரையான் அரித்த அந்தத் தாள்கள், படமெடுத்துப் புரட்டும்போதே எங்கள் விரல்களில் உதிர்ந்தன. இனி அந்தப் பக்கம் இருப்பது சர்வரில் மட்டும்தான். மாதக் கடைசியில்தான் நகலெடுப்பது என்று ஒரு விதி வைத்திருந்தேன். விதியை வைத்தவளும் நானே.

குணா 'அதிகம் வேண்டாம்' என்றதை நான் 'அறவே வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பழகிய கை அப்படித்தான் அடிக்கோடிடும். "ஒரு பக்கம்தானே டீச்சர்" என்று பார்வதி முணுமுணுத்தாள். புதிய வன்தட்டு பொருத்தியதும் முறையாக எடுத்துத் தருகிறேன், புதன்கிழமை வாருங்கள் என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்பத்திரண்டு வருசம் இருந்தாச்சு டீச்சர். ரெண்டு நாள் என்னா?"

எண்சீட்டு

சர்வரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது என் பொறுப்பில் வந்த முதல் வாரமே, நான்கு வன்தட்டுகளின் முகப்பிலும் 1, 2, 3, 4 என்று அழகாக எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு, சீட்டுகள் ஒட்டியிருந்தேன். வகுப்பில் பெயரில்லாத நோட்டுப் புத்தகத்தையே நான் அனுமதித்ததில்லை. ஒவ்வொரு வன்தட்டின் முகப்பிலும் மிளகளவு விளக்கு ஒன்று உண்டு என்பதையும், என் சீட்டு சரியாக அதன்மேல்தான் அமர்ந்திருக்கிறது என்பதையும் நான் கவனிக்கவில்லை.

புதன்கிழமை குணா வந்தார். முன்னறை மேசையில் தம் கணினியை விரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்திரத்தை அணைக்காமலே வன்தட்டை உருவி மாற்றலாம் என்று முன்பே அவர் சொல்லியிருந்ததால், நான் சாமான் அறையில் சர்வரின் முன்னே தயாராக நின்றேன். "எந்த எண் குணா?" என்றேன். "ரெண்டு டீச்சர், இருங்க வாரேன்" என்றார். 'வாரேன்' என்ற சொல் வந்து சேர்வதற்குள், என் எண்சீட்டு 2 ஒட்டிய வன்தட்டு என் கையில் இருந்தது.

எந்திரம் முன்பு கீச்சிட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல் ஊளையிட்டது. குணா ஓடி வந்தார். என் கையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். மூன்றாம் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அதனடியில் சிறு விளக்கு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. கெட்டது அது. என் கையில் இருந்தது நல்லது. நான்கு பேரில் இருவர் இப்போது வகுப்பில் இல்லை. சுழியத்துக்கு இங்கே எல்லாரும் சொல்லும் மலாய்ச் சொல்லிலேயே, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"இது கோசோங்லேருந்து எண்ணும் டீச்சர். நீங்க ஒண்ணுலேருந்து எண்ணிட்டீங்க."

மரப்பலகையில்

முன்னறை மரப்பலகையில் அஞ்சலை காலை ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மடியில் வைத்திருந்தார். திரும்பி வந்த விண்ணப்பங்களின் கடிதங்கள் அதில் இருந்தன. நான் போய் அவர் எதிரே நின்றேன். எந்திரத்தின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். என் பிழையால் அந்தப் பக்கம் போயிருக்கக்கூடும் என்று சொன்னேன். இத்தனை ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் பெற்றோர் ஒருவர் முன்னிலையில் நான் அப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை. அவர் அழவில்லை, திட்டவில்லை. என்னை ஆறுதல்படுத்தவும் இல்லை. அதற்கு அவருக்கு எந்தக் கடமையும் கிடையாது.

"அன்னைக்கே எடுத்துக் குடுத்திருக்கலாமே டீச்சர். ஒரு பக்கந்தானே கேட்டேன்."

ஒரு பொத்தான்

குணா நல்ல வன்தட்டை அதன் இடத்திலேயே திரும்பச் செருகி, எந்திரத்தை அணைத்து மறுபடி எழுப்பினார். நாங்கள் மூன்று பெண்களும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம். திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. என்ன சொல்கிறது என்று பார்வதி கேட்டாள். "இந்த டிஸ்க் வெளியேயிருந்து வந்தது, என்னோடது இல்லைங்குது" என்றார் குணா. "இப்பத்தானே எடுத்தோம், இங்கேயே கெடந்ததாச்சே!" என்றாள் பார்வதி. "அது அதுக்குத் தெரியாதுக்கா. ஆனா உள்ள பழைய எழுத்து இருக்கும். அதைப் பாத்துச் சேத்துக்கோன்னு நாம சொல்லணும்."

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். எந்திரம் சற்று யோசித்தது. பிறகு ஊளை அடங்கி, பழைய கீச்சொலி திரும்பியது. அந்த ஒலியை நான் ஒருநாள் வரவேற்பேன் என்று நினைத்ததில்லை. மூவரும் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அஞ்சலை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஒரு பொத்தான் போதுமா தம்பி?"

சேர்க்கை எண்

புதியதைப் பொருத்தும் முன், விதி எதையும் பார்க்காமல், அந்தப் பதிவேட்டைத் திறக்கச் சொன்னேன். பதினேழாவது பக்கத்தில் இருந்தது: சேர்க்கை எண், அஞ்சலை, தகப்பனார் பெயர், தொழில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுதல், பிறந்த இடம் தோட்ட மருத்துவமனை. மூன்று படிகள் எடுத்து, சங்க முத்திரை இட்டுக் கையொப்பமிட்டேன். அதன் பிறகே நான்கு சீட்டுகளையும் உரித்தெறிந்து, செவ்விளக்கு எரிந்த வன்தட்டை உருவி, புதியதைச் செருகினோம். மற்ற மூன்றும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லி அதை நிரப்பி முடிக்க மறுநாள் மதியம் ஆயிற்று.

அதே மறுநாள் மதியம் அஞ்சலை பதிவிலாகாவின் வாசலிலிருந்து அழைத்தார். பேருந்து இரைச்சலுக்கு நடுவே, அதிகாரி அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததையும், தகப்பனார் பெயரை இரண்டு முறை வாசிக்கச் சொன்னதையும் விவரித்தார். முடிவு என்ன என்று கேட்டேன்.

"கடுதாசி வரும், துங்கு, காத்திருன்னாங்க டீச்சர். காத்திருக்கிறது எனக்குப் புதுசா? ஆனா இந்தத் தடவ தாளத் திருப்பிக் குடுக்கல, வாங்கி உள்ள வச்சுக்கிட்டாங்க."

வன்தட்டு ஒன்று கெட்டுப்போனால் தாங்கிக்கொள்ள அந்த எந்திரத்தில் எல்லா ஏற்பாடும் இருக்கிறது. தான் ஒருபோதும் தவறுவதில்லை என்று நம்பும் ஒருத்தியிடம் அதன் சாவியைக் கொடுத்துவிட்டால், அதைத் தாங்கத்தான் ஏற்பாடு ஒன்றும் இல்லை.